பிள்ளைக்கு லெப்டொப் வாங்குமுன்
(பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உயர்தரம் படிக்கிற பிள்ளை லெப்டொப் கேட்கிறது. தீபாவளி முற்பணத்தோடு டவுனுக்கு இறங்குமுன் நாங்கள் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

புதுசாய், மெல்லிசாய், மலிவாய் ஒன்றைக் காட்டுவார்கள். ரேம் 4 ஜிபி, சேமிப்பு 64 ஜிபி என்றால் வேண்டாம். விண்டோஸ் 11க்கு மட்டுமே குறைந்தது அந்த 64 ஜிபி கேட்கிறார்கள். பிள்ளையின் பாடங்களை எங்கே வைப்பது?

அதைவிட, கந்தோர்களில் பாவித்த திங்க்பேட், லட்டிடியூட் போன்றவை மேல். 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. இருக்கவேண்டும். பிள்ளை மேடேறிச் சுமப்பதால் எடை ஒன்றரைக் கிலோவுக்குள் இருக்கட்டும். இன்டெல் ஐ5 என்றால் பக்கத்து இலக்கத்தைப் பாருங்கள்: 8250 என்பது 8ஆம் தலைமுறை, 6200 என்பது 6ஆம் தலைமுறை. 8க்குக் குறைந்தவற்றுக்கு விண்டோஸ் 11 முறைப்படி இல்லை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்!

பழையதில் முதலில் சாவது பேட்டரிதான். வயரைக் கழற்றி, அரை மணி நேரம் கடையிலேயே ஓடவிடுங்கள். வெட்கப்படாதீங்க, காசு நம்முடையது. உத்தரவாதத்தை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

தவணைக்கென்றால், மாதக் கட்டணத்தை மாதங்களால் பெருக்கி ரொக்க விலைக்குப் பக்கத்தில் எழுதுங்கள். கையொப்பம் வைக்குமுன் அந்தத் துண்டோடு எங்களிடம் வாங்க, சேர்ந்து பார்ப்போம்.