உடம்பின் அடுப்பை அணைக்கும் நஞ்சு

(யாழ்ப்பாணத்தில் நடந்த தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)

தோழர்களே, மலையகத்திலிருந்து வந்திருக்கும் சகோதர சகோதரிகளே,

தோட்டத்தில் நீங்கள் மருந்து டாங்கியை முதுகில் சுமக்கிறீர்கள். இங்கே வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்பவர்களும் அதே டாங்கியைத்தான் சுமக்கிறார்கள். மருந்தைக் குடித்தால் சாவு என்பது எல்லோருக்கும் தெரியும். குடிக்காமலே தோலாலும் மூச்சாலும் தண்ணீராலும் உள்ளே போகும் நஞ்சைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

நமது உடம்பின் கலங்களுக்குள் இழைமணி என்ற மிகச் சிறிய உறுப்புகள் இருக்கின்றன. பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் படம் பார்க்கலாம். தின்னும் ரொட்டியையும் சோற்றையும் ஒட்சிசனைக் கொண்டு எரித்துச் சக்தியாக்குபவை அவைதான். தேயிலை ஸ்டோரில் அடுப்பு அணைந்தால் கொழுந்து குவிந்து கிடந்தும் தூள் வராது. அதுபோல இழைமணி பழுதானால், சாப்பிட்டும் உடம்பில் தெம்பு இராது. மூளை, இருதயம், தசை, சிறுநீரகம் ஆகியவை முதலில் தளரும்.

பரகுவாட் என்ற புல்லு மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிரமக்சோன் என்றால் மூத்தவர்களுக்குத் தெரியும். அது கலத்துக்குள் ஒட்சிசனையே நஞ்சாக மாற்றி இழைமணியை அரிக்கிறது. அமெரிக்காவில் மருந்தடிப்பவர்களிடையே நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், அதைப் பாவித்தவர்களுக்கு கை நடுங்கும் பார்க்கின்சன் நோய் கூடுதலாகக் காணப்பட்டது. இலங்கையில் 2008 முதல் அதைப் படிப்படியாக நிறுத்தினார்கள். அதற்கு முன் எத்தனை வருடம் நமது ஆட்கள் அதை அடித்தார்கள்!

இனித் தண்ணீருக்கு வருவோம். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழை சுண்ணக்கல்லில் இறங்கிக் கிணற்றுக்கு வருகிறது. தோட்டத்துக்குப் போட்ட உரமும் அதோடு இறங்குகிறது. உரத்திலுள்ள நைத்திரேற்று ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தாண்டினால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க மாட்டாமல் உடம்பு நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. பால்மா கரைக்கும் தண்ணீரைப் பரிசோதிக்கத்தான் வேண்டும்.

சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது சனங்கள் சும்மா இருக்கவில்லை. தண்ணீரைப் பரிசோதிக்கச் சொன்னார்கள், வீதிக்கு இறங்கினார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2019 ஏப்ரலில், அங்கிருந்த தனியார் மின்நிலையக் கம்பெனி 2 கோடி ரூபா இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. வாய் திறந்ததால் வந்த தீர்ப்பு அது.

தோட்டத்திலும் நாம் வாய் திறக்க வேண்டும். அடிக்கும் மருந்தின் பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். கையுறை, முகமூடி, பூட்ஸ், குளிக்கத் தண்ணீர், சவர்க்காரம் ஆகியவற்றை நிர்வாகம் தர வேண்டும். கர்ப்பிணிகளையும் பால் கொடுக்கும் தாய்மாரையும் மருந்து வேலைக்கு விடக்கூடாது. மருந்தடித்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் துவைக்காதீர்கள். வெறும் மருந்துக் கேனில் தண்ணீர் பிடிக்காதீர்கள்.

களைப்புக்குக் காரணம் பல, இரத்தச்சோகையும் இருக்கலாம். ஆனால் வைத்தியரிடம் போனால், "நான் மருந்தடிக்கிற ஆள்" என்று முதலில் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியாது. களைத்துப்போன தொழிலாளியைச் சோம்பேறி என்று பேர் பதிய வருபவரிடம், சங்கம் முதலில் மருந்துக் கணக்கைக் கேட்கட்டும்.