காய்ச்சல் என்பது நோயின் பெயரா?

 

நாம் வாழ்வது எல்லைப்புறம். இந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை. அந்தப் பக்கம் களியக்காவிளை. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் பிரிந்தன. விளவங்கோடும் கல்குளமும் தமிழர் மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதனால் நம் வாயில் இரண்டு மொழியும் உண்டு.

தமிழில் 'பனி' என்றால் விடியற்காலையில் புல்லின்மேல் விழுவது. மலையாளத்தில் 'பனி' என்றால் காய்ச்சல். வீட்டில் பாட்டியைக் கேட்டால், "பிள்ளைக்குத் தீனம்" என்பார். எந்தச் சொல்லால் சொன்னாலும் சரி. இன்று உங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறேன். காய்ச்சல் என்பது ஒரு நோயின் பெயரா?

இல்லை. காய்ச்சல் ஓர் அறிகுறி. வீட்டில் புகை வந்தால் எங்கோ தீ இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறோம். புகை தீ ஆகாது. காய்ச்சலும் அப்படித்தான்.

உடம்பு எப்படி நோயாகிறது?

நம் உடம்பு ஓர் அளவோடு நடக்கிறது. சூடு ஏறத்தாழ 98.6 டிகிரி ஃபாரன்ஹீட். இரத்த அழுத்தம் 120-க்கு 80 என்ற அளவை ஒட்டி இருக்க வேண்டும். சர்க்கரைக்கும் உப்புக்கும் தண்ணீருக்கும் அளவு உண்டு. வெயில் அடித்தால் வியர்க்கிறது. உப்பு கூடினால் தாகம் எடுக்கிறது. உடம்பு தானாகவே அளவைச் சரி செய்கிறது. சரி செய்ய முடியாமல் அளவு தவறினால், அல்லது ஓர் உறுப்பு தன் வேலையைச் செய்ய முடியாமல் போனால், அதையே நோய் என்கிறோம்.

கிருமி உள்ளே வந்தால் வெள்ளை அணுக்கள் அதை எதிர்க்கின்றன. மூளைக்குச் செய்தி போகிறது. மூளை உடம்பின் சூட்டை உயர்த்துகிறது. அதற்காகத் தசைகள் நடுங்குகின்றன. அதுதான் குளிர் நடுக்கம். காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது, வலிக்கிறது. அங்கே இரத்தம் அதிகமாக வந்து சேர்வதும் இதே சண்டைக்காகத்தான்.

ஒரே காய்ச்சல், மூன்று காரணம்

மூன்று வீடுகளை நினைத்துக்கொள்வோம். மூன்றிலும் காய்ச்சல்.

முதல் வீட்டு அண்ணன் வயலில் சேற்றில் நின்று வேலை செய்தவர். காலில் சிறு வெட்டு இருந்தது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் வழியாக ஒரு பாக்டீரியா உள்ளே போனது. இது எலிக்காய்ச்சல். கெண்டைக்கால் தசை கடுமையாக வலிக்கும். கண் சிவக்கும். கவனிக்காவிட்டால் ஈரலும் சிறுநீரகமும் கெடும்.

இரண்டாம் வீட்டுக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டம். பால் வெட்டாத நாளில் சிரட்டைகளில் மழைத்தண்ணீர் நின்றது. அதில் கொசு வளர்ந்தது. பகலில் கடித்தது. இது டெங்கு. இதற்குக் காரணம் வைரஸ். காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் ஆபத்து வரலாம். வயிற்றுவலி, விடாத வாந்தி, இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு ஆகியவை கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

மூன்றாம் வீட்டு அக்காவுக்குச் சிறுநீர்ப் பாதையில் கிருமி. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலும் உண்டு.

மூன்று பேரும் கடையில் பாராசிட்டமால் வாங்கி விழுங்குகிறார்கள். மூன்று பேருக்கும் சூடு இறங்குகிறது. ஆனால் நோய் இறங்கியதா? இல்லை. எலிக்காய்ச்சலுக்குப் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து வேண்டும். தொடக்கத்திலேயே கொடுத்தால் உயிர் பிழைக்கலாம். டெங்கு வைரஸுக்கு அந்த மருந்து பயன்படாது. டெங்குவில் ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். அதனால்தான் நோயை வகை பிரித்து அறிய வேண்டும். வகை தவறினால் மருந்து தவறும். மருந்து தவறினால் உயிர் போகலாம்.

மஞ்சள் காமாலையும் அப்படியே. கண் மஞ்சளாவது ஓர் அறிகுறி. கெட்ட தண்ணீரால் வரும் ஈரல் அழற்சி, பித்தப்பைக் கல், மது, எலிக்காய்ச்சல் என்று காரணம் பல. காரணம் தெரியாமல் பச்சிலை மட்டும் அரைத்துக் குடித்து நாளைக் கடத்தக் கூடாது.

நோய்களின் வகைகள்

தொற்றுநோய் ஒரு வகை. கிருமியால் வருவது. காசநோய், டெங்கு, எலிக்காய்ச்சல் போன்றவை.

தொற்றாத நோய் இன்னொரு வகை. அதற்குள் பல பிரிவுகள் உண்டு. சத்துக் குறைவால் வருபவை: இரும்புச்சத்துக் குறைந்தால் இரத்தசோகை, அயோடின் குறைந்தால் கழுத்துக் கழலை. பரம்பரையாக வருபவை: இரத்தம் உறையாத ஹீமோபிலியா போன்றவை. தொழிலால் வருபவை: கல் உடைக்கும் இடத்துத் தூசு நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸ். உடம்பின் இயக்கம் கெட்டு வருபவை: சர்க்கரை நோய். இவை தவிர புற்றுநோய், மனநோய் என்றும் உண்டு.

திடீரென்று வந்து சில நாளில் முடிவதும் உண்டு. ஆண்டுக்கணக்கில் கூடவே இருப்பதும் உண்டு. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இரண்டாவது வகை. வலி இல்லை என்று மாத்திரையை நிறுத்தினால் அவை உள்ளே இருந்து கண்ணையும் சிறுநீரகத்தையும் இதயத்தையும் கெடுக்கும்.

உலகம் முழுவதும் நோய்களுக்கு ஒரே பட்டியல் உண்டு. 1893-இல் பிரான்சு நாட்டு பெர்ட்டில்லான் அதன் முதல் வடிவத்தைத் தந்தார். 1948 முதல் உலக சுகாதார நிறுவனம் அதைக் கவனிக்கிறது. பதினோராம் பதிப்பு 2022-இல் நடைமுறைக்கு வந்தது. பட்டியலில் ஒவ்வொரு நோய்க்கும் ஓர் அடையாள எண் உண்டு. பத்தாம் பதிப்பில் எலிக்காய்ச்சலின் எண் ஏ27. எந்த நோயால் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று எண்ணித் தடுக்க இது உதவுகிறது. எல்லாவற்றையும் வெறும் 'காய்ச்சல்' என்று எழுதிவைத்தால் எதைத் தடுப்பது?

நம் ஊரில் நடந்தவை

2021 ஜூலை 8-ஆம் நாள் கேரளத்தின் முதல் ஜிகா நோய் அறிவிக்கப்பட்டது. நோயாளி பாறசாலைப் பகுதியைச் சேர்ந்த ஒரு கர்ப்பிணிப் பெண். ஜிகா வைரஸ் 1947-இல் ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டுக் காட்டில் முதலில் கண்டறியப்பட்டது. காய்ச்சலும் சிவந்த தடிப்புகளும் பெரியவர்களுக்குச் சில நாளில் போய்விடும். ஆனால் கருவில் இருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கலாம். "சாதாரணக் காய்ச்சல்" என்று விட்டிருந்தால் அது தெரிந்திருக்காது. இரத்தத்தைச் சோதித்ததால் தெரிந்தது. சுகாதாரப் பணியாளர் வீடு வீடாக வந்தார்கள். எல்லைக்கு அப்பாலும் கண்காணிப்பு நடந்தது. கொசுவுக்கு மாநில எல்லை தெரியாது அல்லவா?

2024-இல் நெய்யாற்றின்கரைக்கு அருகே அதியன்னூரில் அமீபா மூளைக்காய்ச்சல் வந்தது. ஓர் இளைஞர் இறந்தார். அடுத்து நோய் கண்டவர்கள் பலர் சிகிச்சையால் பிழைத்தார்கள். இந்த அமீபா தேங்கிய தண்ணீரில் வாழும் நுண்ணுயிர். வாய்வழியாகப் போனால் இந்த நோய் வராது. மூக்குவழியாகப் போனால் முகரும் நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்கு ஏறுகிறது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. ஆகவே நோயாளியை ஒதுக்க வேண்டியதில்லை. பாசி பிடித்த குளத்தில் முங்கிக் குளிக்கக் கூடாது. மூக்கில் அந்தத் தண்ணீரை ஏற்றக் கூடாது.

வகை அறியாததால் மனிதரையும் ஒதுக்குகிறோம். வெண்புள்ளி தொற்றாது. வலிப்பு தொற்றாது. தொழுநோய்க்குக் காரணம் பாவம் என்றார்கள். காரணம் ஒரு பாக்டீரியா என்று 1873-இல் ஹேன்சன் கண்டறிந்தார். இன்று மாத்திரையால் முழுவதும் குணமாகிறது.

மூன்று கேள்விகள்

நண்பர்களே, இப்போது உங்களுக்கு எழுத்து தெரியும். மருத்துவமனைச் சீட்டை மடித்துப் பையில் வைக்காதீர்கள். விரித்து வாசியுங்கள். புரியாவிட்டால் டாக்டரிடமோ ஆஷா தொண்டரிடமோ மூன்று கேள்விகள் கேளுங்கள். இது என்ன நோய்? எதனால் வந்தது? மற்றவருக்குப் பரவுமா?

டாக்டரிடம் நாமும் சொல்ல வேண்டியவை உண்டு. "காய்ச்சல்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எத்தனை நாளாய், எங்கே வேலை செய்தோம், எந்தத் தண்ணீரில் இறங்கினோம், வேறு யாருக்கு உண்டு என்று சேர்த்துச் சொல்லுங்கள். கர்ப்பிணி என்றால் அதை முதலில் சொல்லுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் முற்றத்தில் கிடக்கும் சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.