கண்ணகி நகர் கற்பிக்கும் பாடம்

(நகர்ப்புறக் கிளைத் தோழர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



சென்னைக்குத் தெற்கே, பழைய மாமல்லபுரம் சாலையையொட்டி, ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் அமைந்துள்ளது. சாலையோரத்தில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள். சற்று உள்ளே சென்றால் 15,000க்கும் மேற்பட்ட சிறு வீடுகள். இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுந்தவை என்பது தற்செயலானதல்ல.

1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. அதன் தொடக்க ஆண்டுகளில், குடிசைகள் இருந்த இடத்திலேயே மாடி வீடுகள் பல கட்டப்பட்டன. தொழிலாளி தன் வேலைத்தலத்துக்கு அருகிலேயே வாழ முடிந்தது. தாராளமயக் காலத்தில் நகர நிலத்தின் விலை உயர்ந்தது; கொள்கையும் மாறியது. 2000ஆம் ஆண்டு முதல் கூவம் கரையிலும் பக்கிங்காம் கால்வாய்க் கரையிலும் வாழ்ந்த மக்கள் கண்ணகி நகருக்கு அனுப்பப்பட்டனர். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் செம்மஞ்சேரி, அதன்பின் பெரும்பாக்கம் என இப்பட்டியல் நீண்டது. 2021இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறியது. ஆனால் பெயரில் உள்ள 'வாழ்விடம்' நடைமுறையில் வந்ததா?

தொடக்கத்தில் கட்டப்பட்ட வீடுகளின் பரப்பு சுமார் 200 சதுர அடி. அதைவிடக் கொடியது வேலை இழப்பு. வீட்டுவேலை செய்த பெண்களும், மீன் விற்றவர்களும், சுமைதூக்கும் தொழிலாளர்களும் நகருக்குள் சென்றுவரப் பல மணி நேரம் செலவிட வேண்டியதாயிற்று. படிப்பின் நடுவே பிள்ளைகள் பள்ளி மாற நேர்ந்தது. முகவரியைச் சொன்னாலே வேலை மறுக்கப்படும் இழிவும் சேர்ந்துகொண்டது.

வெள்ளத்திலிருந்து காக்கவே அப்புறப்படுத்துகிறோம் என்று 2015க்குப் பின் கூறப்பட்டது. அப்படியாயின், மக்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் மழைநீர் தேங்கும் தாழ்நிலங்களாக இருப்பது ஏன்? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை விழுங்கி எழுந்த பெருங்கட்டடங்கள் அசையாமல் நிற்க, குடிசைகள் மட்டும் ஆக்கிரமிப்பாகத் தெரிவது ஏன்?

1872இல் 'குடியிருப்புப் பிரச்சினை' குறித்து எழுதிய எங்கெல்ஸ், முதலாளித்துவம் இப்பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, வேறிடத்துக்கு நகர்த்துகிறது என்று விளக்கினார். வாழும் உரிமையில் வாழ்வாதார உரிமையும் அடங்கும் என்று 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் வெளியேற்றங்கள் நிற்கவில்லை.

கண்ணகி நகரைக் குற்றங்களின் கூடாரமாகச் சித்தரிப்போருக்கு அம்மக்களே விடையளித்துள்ளனர். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் ஆடிய கார்த்திகா, அந்தத் தெருக்களில் வளர்ந்தவர். அவருடைய வெற்றியைக் கொண்டாடும் அரசு, அங்கு வளரும் ஏனைய பிள்ளைகளுக்கும் கடமைப்பட்டிருக்கிறது.

எனவே, இருந்த இடத்திலேயே அல்லது அதன் அருகிலேயே வீடு என்பதே நம் முதன்மை முழக்கம். ஏற்கெனவே குடியமர்த்தப்பட்டோருக்குக் கிரயப் பத்திரம், போதிய பேருந்து, குடிநீர், மருத்துவமனை, பள்ளி, அருகிலேயே வேலை ஆகியவை உடனடிக் கோரிக்கைகள். புல்டோசர் வந்தபின் ஓடுவது போதாது. ஒவ்வொரு கிளையும் தன் பகுதிக் குடியிருப்புகளைக் கணக்கெடுத்து, மக்களை இன்றே அணிதிரட்ட வேண்டும்.