அப்புவுக்குப் பரீட்சை வேண்டாம்



பாரிசவாதம் கண்டு ஞாபகம் குன்றியவரிடம், "அப்பு, என்னைத் தெரியுதோ?" என்று நம் அரியாலையில் வருவோரெல்லாம் பரீட்சை வைக்கிறோம். அன்புதான், ஆனால் அவர் தடுமாறிச் சொல்லும் பிழையே மனத்திற் பதிந்துவிடக்கூடும். பெயரை முதலில் நாமே சொல்வோம். ஒரு நிமிடம் கழித்துக் கேட்போம். பின்பு இரண்டு, நான்கு, எட்டு. தவறினால் உடனே சொல்லிக்கொடுத்து, சரியாகச் சொன்ன இடைவெளிக்கே திரும்புவோம். திண்ணைப் பள்ளி வாய்பாட்டுக்கு இது தூரமன்று.

ஞாபகம் இருந்தும் பேச்சுப் போனவரும் உளர். அவருட் சிலர் தேவாரத்தைப் பிசகாமற் பாடுவார்! 1973இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், சிறு சொற்றொடர்களை இராகத்தோடு, இடக்கையைத் தட்டித் தட்டிப் பழக்கும் முறையை வகுத்தனர். "தண்ணி வேணும்" என்பதை நாமும் அவ்வாறே, மாலைதோறும் அப்புவின் அருகிலிருந்து பாடிப் பழக்குவோம்.