ஆற்று மீன்கள் திடீரென மடிவது ஏன்?

(ரொறன்ரோவில் பெற்றோருக்கும் இளையோருக்குமாக ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11ஆம் நாள், எற்றோபிக்கோவில் இரசாயனப் பொருட்களைக் களஞ்சியப்படுத்தி விநியோகிக்கும் நிலையமொன்று தீப்பற்றி எரிந்தது. தீயை அணைக்கப் பாய்ச்சிய நீர் அங்கிருந்த இரசாயனங்களைச் சுமந்துகொண்டு, மழைநீர் வடிகால் வழியாக மிமிக்கோ ஓடையைச் சென்றடைந்தது. மீன்கள் மடிந்தன. எண்ணெய்ப் பசை படிந்த வாத்துகளை வனவிலங்குக் காப்பகத்தினர் மீட்கவேண்டியதாயிற்று.

தீ எரிந்தது நிலத்தில். மடிந்தவை நீரில் வாழ்ந்தவை. இவ்விரண்டையும் இணைத்தது வீதியோரத்து வடிகால். வீட்டுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திற்குச் செல்கின்றது. வீதியில் விழும் மழைநீரோ பெரும்பாலான இடங்களில் எவ்விதச் சுத்திகரிப்புமின்றி நேரே ஓடைக்கும் ஆற்றுக்கும் செல்கின்றது. நகரின் பழைய பகுதிகளில் இரண்டும் ஒரே குழாயில் ஓடுவதால், கடும் மழை பொழியும்போது கழிவுநீரும் கலந்து வழிந்துவிடுகின்றது. ஆகவே வாகன எண்ணெயையோ, தீந்தையையோ, குளோரின் நீங்காத நீச்சல் தடாக நீரையோ வடிகாலில் ஊற்றுபவர், அதனை மீனின் வாயிலேயே ஊற்றுகின்றார்.

எனினும் நஞ்சு மட்டுமே காரணமன்று. மீனும் ஒட்சிசனைச் சுவாசித்தே வாழ்கின்றது. 0 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 14.6 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். 25 பாகையில் 8.3 மில்லிகிராம் மட்டுமே. கோடையில் நீர் சூடாகும். உரமும் கழிவும் சேர்ந்து பாசி பெருகும். பகலில் ஒட்சிசனை வெளியிடும் அப்பாசியே இரவில் அதனை உறிஞ்சிக்கொள்ளும். இறந்த பாசியை அழுகச்செய்யும் பக்ரீரியாக்கள் எஞ்சியதையும் தீர்த்துவிடும். ஆதலால்தான் இத்தகைய சாவுகள் பெரும்பாலும் விடியற்காலையில் நிகழ்கின்றன. வற்றும் குளத்தில் மீன்கள் மேலே வந்து வாய்பிளப்பதை ஊரிற் கண்ட பெற்றோர்களுக்கு இதனை நான் விளக்கவேண்டியதில்லை.

நோயும் ஒரு காரணம். 2005இல் குயின்டி விரிகுடாவில் ட்ரம் எனும் நன்னீர் மீன்களும், 2007இல் கவார்த்தா ஏரிகளில் கார்ப் மீன்களும் வெவ்வேறு வைரசுகளால் பெருந்தொகையாக மடிந்தன. அவ்வைரசுகள் மனிதரைத் தாக்குவதில்லை.

அவ்வாறாயின் காரணத்தை அறிவது எங்ஙனம்? ஓர் இனம் மட்டுமே மடிந்திருப்பின் நோயை முதலில் ஐயுறலாம். பல இனங்களிலும் பெரிய மீன்கள் முதலில் மடிந்திருப்பின் ஒட்சிசன் குறைவை ஐயுறலாம். பெரிதும் சிறிதுமாக அனைத்தும் ஒருசேர மடிந்திருப்பின் நஞ்சை ஐயுறலாம். இவை குறிப்புகளே, உறுதிசெய்வது நீர் மாதிரியின் பரிசோதனையே.

இங்கேதான் காலம் முக்கியமாகின்றது. 2024 மே மாதம் கேரளத்தின் பெரியாற்றில், ஏலூர்ப் பகுதியில், கூண்டுகளில் வளர்க்கப்பட்ட மீன்களும் ஆற்று மீன்களும் பெருந்தொகையாக மடிந்தன. ஒட்சிசன் குறைவே காரணமென மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூறிற்று. அமோனியாவும் ஐதரசன் சல்பைட்டும் மிகுந்திருந்தனவென மீன்வளப் பல்கலைக்கழகம் கண்டறிந்தது. இழப்போ மீன்வளர்ப்போரின் தலையில் விழுந்தது. ஓடும் நீர் தன்னோடு சான்றையும் கொண்டு போய்விடும். பிந்தி எடுக்கும் மாதிரி குற்றவாளியைக் காட்டாது.

கனடாவின் மீன்வளச் சட்டம், மீன்கள் வாழும் நீரில் அவற்றுக்குத் தீங்கான பொருளைச் சேர்ப்பதைத் தடைசெய்கின்றது. சட்டம் இருக்கின்றது, முறையிடுவோர் வேண்டும். "நமக்கேன் வீண் வம்பு, ஆங்கிலத்தில் என்ன சொல்வது" என்று நம்மவர் விலகிச் செல்லும் வழக்கத்தை மாற்றவேண்டும். ஹைலண்ட் ஓடையும் றூஜ் ஆறும் ஸ்காபரோவில் வாழும் நமது பிள்ளைகள் விளையாடும் இடங்கள்; அவற்றுக்கு நாமும் பொறுப்பாளிகள்.

இளையோரே, இப்பணி உங்களுடையது. மடிந்த மீன்களைக் கண்டால் தொடாதீர்கள். இடத்தையும் நேரத்தையும் நீரின் நிறத்தையும் மணத்தையும் குறித்துக்கொண்டு, ஒளிப்படம் எடுத்து, ஒன்ராறியோவின் கசிவு நடவடிக்கை நிலையத்திற்கு 1-800-268-6060 என்ற இலக்கத்தில் உடனே அறிவியுங்கள். அந்நிலையம் இரவு பகலாக இயங்குகின்றது. பெற்றோர்களே, மடிந்து மிதக்கும் மீனை எக்காரணங்கொண்டும் சமைக்காதீர்கள். கொதிக்கவைப்பதால் இரசாயன நஞ்சு நீங்கிவிடாது.

மீனால் முறையிட முடியாது. அதன் சாவே அதன் முறைப்பாடு. அதனைக் கேட்டு எடுத்துரைப்பது கரையில் நிற்கும் நமது கடமை.