பழைய டிராக்டரும் புதிய டிராக்டரும்

தமிழ்நாட்டு ஊர்களில் பழைய டிராக்டர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சிவப்பு நிற மாசி பெர்குசன். 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் செம்பியம் ஆலையில் இவ்வகை வண்டிகளைத் தயாரித்தது. எஞ்சினைத் தந்தது சிம்சன். அந்த எஞ்சினின் மூலம் இங்கிலாந்தின் பெர்கின்ஸ். மூன்று சிலிண்டர், 35 குதிரைத்திறனை ஒட்டிய வலிமை, ஆறு முன் கியர், இரண்டு பின் கியர், நெம்புகோலால் ஏறி இறங்கும் ஹைட்ராலிக். வேறு வசதி என்று சொல்ல அதில் அதிகம் இல்லை. முப்பது, நாற்பது ஆண்டு ஓடிய இத்தகைய வண்டி இன்றும் வயலில் இறங்குகிறது. பக்கத்து வயலில் ஐந்து வயதுப் புது வண்டி மெக்கானிக்குக்காகக் காத்து நிற்பதும் உண்டு. இந்தக் காட்சியை வைத்துப் பழையதே கெட்டி என்று ஊரில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பில் பாதி சரி.

இந்த வண்டிகளின் வேர் ஹாரி பெர்குசனிடம் இருக்கிறது. 1946-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் அவருடைய டி.இ.20 டிராக்டர் வெளிவந்தது. பத்தாண்டுகளில் 5 லட்சத்துக்கும் மேல் உற்பத்தியானது. பின்புறம் மூன்று புள்ளிகளில் கலப்பையை மாட்டித் தூக்கும் அமைப்புத்தான் அதன் உயிர். முன்பெல்லாம் கலப்பையை வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்தார்கள். பெர்குசன் கலப்பையை வண்டியின் உறுப்பாகவே ஆக்கினார். மண் கலப்பையைப் பிடித்து இழுக்கும் விசை பின்சக்கரத்தின் மேல் பாரமாக இறங்கியது. இலேசான வண்டியும் சறுக்காமல் உழுதது. இன்று விற்கும் புது டிராக்டர் எதைத் திரும்பிப் பார்த்தாலும் பின்னால் அதே மூன்று புள்ளிகள்தான். ஒன்பது கொத்துக் கலப்பையோ சட்டிக் கலப்பையோ, இரண்டு தலைமுறை வண்டிகளுக்கும் பொதுவாக மாட்டலாம்.

பழைய வண்டி பழுதே ஆகாது என்பது கட்டுக்கதை. பழுதாகும், அடிக்கடியும் ஆகும். அதைச் சரிசெய்ய ஊரை விட்டு வெளியே போக வேண்டியதில்லை என்பதே அதன் பலம். டீசல் தீர்ந்து வயல் நடுவில் நின்றுவிட்டால் குழாயில் காற்று புகுந்துவிடும். டீசலை ஊற்றி, ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் சிறு நெம்பைக் கையால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரையாகப் பொங்கும். பிறகு குமிழி குறையும். கடைசியில் டீசல் தெளிவாக வழியும். அப்போது திருகை இறுக்கினால் வேலை முடிந்தது. ஒரு ஸ்பேனரும் கால் மணி நேரமும் போதும். பேட்டரி இறந்து கிடந்தாலும் இந்த எஞ்சினுக்குக் கவலை இல்லை. சரிவில் உருட்டியோ நாலு பேர் தள்ளியோ கிளப்பிவிட்டால், நிறுத்தும் கம்பியை இழுக்கும் வரை ஓடும். டீசல் பற்றிக்கொள்வது சிலிண்டருக்குள் அழுந்திய காற்றின் சூட்டால். மின்சாரத்துக்கு அங்கே வேலை இல்லை.

கிளட்ச் பிளேட் தேய்ந்தால் வண்டியை இரண்டாகப் பிரிப்பார்கள். முதன்முறை பார்ப்பவருக்கு அது திகைப்பூட்டும். காருக்கும் லாரிக்கும் இருப்பதுபோல டிராக்டருக்கு அடிச்சட்டம் கிடையாது. எஞ்சின், கியர் பெட்டி, பின் அச்சு மூன்றின் வார்ப்பிரும்புக் கூடுகளையும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு முடுக்கியதே அதன் உடல். 1917-இல் வந்த ஃபோர்ட்சன் பரப்பிய முறை இது. மரத்தடியில் கியர் பெட்டிக்கு அடியில் கட்டை அடுக்கி, முன் அச்சு சாயாமல் இருபுறமும் மரச் சக்கை அடித்து, போல்ட்டுகளைக் கழற்றியதும் எஞ்சினோடு முன்பாதியை அப்படியே உருட்டி நகர்த்திவிடுவார்கள். காலையில் பிரித்த வண்டி மாலையில் உழவுக்குப் போவது சாதாரணம். எஞ்சினும் அப்படித்தான்: சிலிண்டர் தேய்ந்தால் லைனர், பிஸ்டன், ரிங் மாற்றி எஞ்சின் வேலை செய்துகொள்ளலாம். கூடு உடையாதவரை வண்டிக்குச் சாவில்லை.

இதில் ஒரு மயக்கமும் கலந்திருக்கிறது. இன்று கண்ணில் படும் பழைய வண்டிகளெல்லாம் பிழைத்துக் கிடந்தவை. காயலான் கடைக்குப் போனவற்றை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தக் காலத்துத் தயாரிப்பு எல்லாமே கெட்டி என்றும் சொல்ல முடியாது. பெர்குசன் 35-இன் டீசல் வகை முதலில் நான்கு சிலிண்டர் ஸ்டாண்டர்டு எஞ்சினோடுதான் வந்தது. குளிரில் அதைக் கிளப்புவது பெரும்பாடு. 1959-இல் பெர்கின்ஸின் மூன்று சிலிண்டர் எஞ்சின் அந்த இடத்துக்கு வந்த பிறகே வண்டிக்கு இன்றுள்ள பெயர் கிடைத்தது. ஒரு வண்டியின் ஆயுள் உதிரிபாகத்தையும் பொறுத்தது. ஒரே மாதிரி பல ஆண்டு மாறாமல் லட்சக்கணக்கில் விற்றிருந்தால் சிறு நகரத்துக் கடையிலும் அதன் சாமான் கிடைக்கும். குறைவாக விற்ற மாதிரிக்கு நல்ல எஞ்சின் இருந்தும் ஒரு பல்சக்கரம் கிடைக்காமல் கொட்டகையில் துருப்பிடிப்பது நடக்கும்.

ஆயுளை ஆண்டுகளால் அளப்பது இன்னொரு பிழை. டிராக்டருக்கு வயது மணிக்கணக்கில். வேளாண் பொறியியல் கணக்குகளில் ஆண்டுக்கு 1000 மணி வீதம் 10 ஆண்டு, ஆக 10,000 மணி என்று வைத்துக்கொள்வது வழக்கம். சொந்த நிலத்துக்கு மட்டும் ஆண்டுக்கு 200 மணி ஓட்டுபவரின் வண்டி அந்தக் கணக்கைத் தொட 50 ஆண்டு ஆகும். வாடகைக்கு உழவு ஓட்டுபவர் பத்தே ஆண்டில் தொட்டுவிடுவார். தாத்தா வாங்கிய வண்டி இன்னும் ஓடுகிறது என்பதில் இரும்பின் தரத்துக்கு எவ்வளவு பங்கோ, அது ஓய்ந்து நின்ற நாட்களுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு பங்கு உண்டு.

ஒரு விஷயத்தில் புது வண்டியே தெளிவாகக் கெட்டி. சேற்றுழவில் பழைய வண்டியின் உலர் பிரேக்குக்குள் சேறும் நீரும் புகுந்து தட்டுகளை அரிக்கும், பிடிமானம் போகும், ஒரு பக்கம் பிடித்து ஒரு பக்கம் விடும். இன்றைய வண்டிகளில் பிரேக் தட்டுகள் எண்ணெயில் மூழ்கி, மூடிய கூட்டுக்குள் இருக்கின்றன. காவிரிப் படுகை போன்ற நெல் வட்டாரத்தில் கேஜ் வீல் என்னும் இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டி முழங்கால் சேற்றில் நாளெல்லாம் ஓட்டுபவருக்கு இந்த ஒரு மாற்றமே பெரிது. பவர் ஸ்டியரிங் வந்ததால் வரப்போரத்தில் திருப்பித் திருப்பித் தோள் வலிப்பதும் நின்றது.

பயன்பாட்டில் இடைவெளி இன்னும் கூடுதல். இழுவை வேலைக்கு, அதாவது கொத்துக் கலப்பைக்கும் டிரெய்லருக்கும், பழைய 35 குதிரைத்திறன் போதும். ரொட்டாவேட்டரும் வைக்கோல் கட்டும் இயந்திரமும் வந்தபின் கணக்கு மாறிவிட்டது. இவை வண்டியின் பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டிலிருந்து வலிமை எடுப்பவை. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்ற வேண்டும். வண்டியோ ஊர்ந்து போக வேண்டும். ஒற்றைக் கிளட்ச் உள்ள பழைய வண்டியில் கிளட்சை மிதித்தால் சக்கரத்தோடு பி.டி.ஓ.வும் நின்றுவிடும். வைக்கோல் வரிசை ஓரிடத்தில் குவிந்து கிடந்தால், வண்டியை நிறுத்தி இயந்திரத்தை மட்டும் சுழலவிட்டு அதை விழுங்க வைக்க வேண்டும். பழைய வண்டியில் இது முடியாது, வைக்கோல் அடைத்துக்கொள்ளும், ஆள் இறங்கிக் கையால் பிடுங்க வேண்டும். இரட்டைக் கிளட்சோ தனி பி.டி.ஓ. கிளட்சோ உள்ள வண்டியில் இந்தத் தொல்லை இல்லை. மெதுவாக ஊரும் கியர்களும் புதியவற்றில் கூடுதல். பழைய மாசி பெர்குசன் 1035 மாதிரி பின்னால் தூக்கும் எடை சுமார் 1100 கிலோ. இன்றைய 45, 50 குதிரைத்திறன் வண்டிகளில் பல 1500 கிலோவுக்கு மேல் தூக்குகின்றன.

புது வண்டி என்றாலே கம்ப்யூட்டர் என்று அஞ்சுபவர்கள் ஒரு கோட்டைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் ட்ரெம் 4 என்னும் கடுமையான புகை விதி நடைமுறைக்கு வந்தது. அதை எட்டத்தான் அவற்றில் காமன் ரெயில் எஞ்சினும் சென்சார்களும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் நுழைந்தன. இந்நாட்டில் அதிகம் விற்கும் வண்டிகள் அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ளவை. அவற்றில் பெரும்பாலும் பழைய பாணி டீசல் பம்புதான். எனவே கடையில் இன்று நிற்கும் 40 குதிரைத்திறன் வண்டியின் எஞ்சினை ஊர் மெக்கானிக்கால் பெரும்பாலும் பார்க்க முடியும். கோட்டுக்கு மேலே போனால் டீசலின் சுத்தமே ஆயுளைத் தீர்மானிக்கும். பழைய நாசில் சுமார் 200 பார் அழுத்தத்தில் திறப்பது. காமன் ரெயிலில் அழுத்தம் 1000 பாருக்கு மேல். கொட்டகையில் மூடியில்லாத கேனில் வைத்த டீசலில் தூசியும் நீரும் சேர்ந்தால் பழைய வண்டி இருமிக்கொண்டே ஓடிவிடும். புதியது இன்ஜெக்டரைப் பலிகொடுக்கும். அப்போது ஸ்பேனரோடு மடிக்கணினியும் வயலுக்கு வர வேண்டியிருக்கும். அமெரிக்காவில் இந்தத் தொல்லை சட்டமன்றம் வரை போனது: வேளாண் இயந்திரத்தை உரிமையாளரே பழுதுபார்க்கத் தேவையான கருவியும் தகவலும் தரப்பட வேண்டும் என்று கொலராடோ மாநிலம் 2023-இல் சட்டம் செய்தது.

பாதுகாப்பில் பழைய வண்டிக்குப் பரிந்து பேச இடமே இல்லை. சேற்றில் புதைந்த பின்சக்கரத்தில் கட்டை கட்டி முன்னோக்கி ஓட்டும் வழக்கம் உண்டு. சக்கரம் சுழல முடியாமல் போனால் எஞ்சினின் விசை வண்டியின் மூக்கைத் தூக்கி, நொடியில் ஓட்டுபவர் மேலேயே பின்னோக்கிக் கவிழ்த்துவிடும். கவிழ்ந்தாலும் ஆளைக் காக்கும் இரும்புச் சட்டத்தைப் புது டிராக்டர்களுக்கு ஸ்வீடன் 1959-லேயே கட்டாயமாக்கியது. நம்மூர்ப் பழைய வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் வெயில் மறைக்கும் தகரக் கூரை. அது கவிழ்ச்சியைத் தாங்காது.

புது மாதிரிகளை ஒப்பிட நடுநிலையான ஏற்பாடு ஒன்று உண்டு. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம், சோதனையில் தேறாத டிராக்டரை விற்கக் கூடாது என்று 1919-இல் சட்டம் போட்டது. இந்தியாவில் அந்தப் பணி மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய நிலையத்தில் நடக்கிறது. பி.டி.ஓ. வலிமை, டீசல் செலவு, தூக்கும் திறன் எல்லாம் அங்கே அளக்கப்படும். வயல் சோதனை முடிந்ததும் எஞ்சினைப் பிரித்து, சிலிண்டரும் பேரிங்கும் எவ்வளவு தேய்ந்தன என்று அளந்து அறிக்கையில் எழுதுகிறார்கள். விளம்பரத் தாளில் உள்ள குதிரைத்திறனைவிட அந்த அறிக்கையில் உள்ள பி.டி.ஓ. வலிமையே வாங்குபவருக்கு உதவும்.

பழைய வண்டிக்கு அப்படி அறிக்கை இல்லை, கண்ணும் காதும்தான். மணி மீட்டரை மாற்றிவிடலாம் என்பதால் அதை நம்புவதற்கில்லை. கிளட்ச் மிதியும் பிரேக் மிதியும் தேய்ந்து மழுங்கியிருப்பது பொய் சொல்லாது. எஞ்சின் சூடான பிறகு எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை விட்டு விட்டு அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடித்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. கியர் பெட்டி எண்ணெய் மோர்போல வெளுத்திருந்தால் சேற்றுத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. கடைசியாகக் கலப்பையை முழு உயரத்துக்குத் தூக்கி எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒரு டீ குடித்து வரும் நேரம் விட்டுவைக்க வேண்டும். திரும்பி வரும்போது கலப்பை ஓரளவு இறங்கியிருந்தால் பேரம் பேசலாம். தரையில் படுத்திருந்தால் ஹைட்ராலிக் வேலைக்கான செலவை விலையில் கழித்துத்தான் பேச வேண்டும்.