பெண்ணை எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

(காரைக்காலில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஜூன் மாதம் நெருங்கினால் நம் வீடுகளில் ஒரு பேச்சு கிளம்புகிறது. “பெண்ணைத் தனியார் பெண்கள் பள்ளியில் சேர்த்துவிட்டால் என்ன?” என்று தாய் கேட்கிறாள். “பணத்துக்கு எங்கே போவது?” என்று தகப்பன் கேட்கிறான். இரண்டு கேள்விகளும் நியாயமானவையே. தாயின் ஆசையைப் பரிகாசம் செய்ய நான் வரவில்லை. வயதுக்கு வந்த பெண் பத்திரமாகப் போய்வர வேண்டும், பள்ளியில் சுத்தமான கக்கூஸ் இருக்க வேண்டும், அக்கறையாகப் பாடம் சொல்லித்தர ஆள் இருக்க வேண்டும் என்று எந்தத் தாய்தான் நினைக்கமாட்டாள்?

பெண்களுக்கென்று தனியார் நடத்தும் பள்ளி நம் கடற்கரைக்குப் புதிதுமல்ல. வடக்கே தரங்கம்பாடியில் 1706ல் கப்பலில் வந்திறங்கிய சீகன்பால்கு பாதிரியார், சில வருஷங்களிலேயே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார். புனாவில் 1848ல் ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும், ஊரார் ஏசியதைப் பொறுத்துக்கொண்டு பெண்களுக்குப் பள்ளி நடத்தினார்கள். ஆகவே தனியார் என்றாலே மோசம் என்று சொல்வது சரியல்ல. ஆனால் வாசலில் தொங்கும் பலகையை மட்டும் பார்த்துவிட்டுப் பிள்ளையை ஒப்படைப்பதும் சரியல்ல.

ஏன் இப்படிச் சொல்கிறேன்? கும்பகோணத்தை நினைத்துப் பாருங்கள். காசிராமன் தெருவில் ஒரே கட்டிடத்துக்குள் மூன்று தனியார் பள்ளிகள் நடந்தன. அவற்றில் ஒன்று பெண்கள் உயர்நிலைப் பள்ளி. 2004 ஜூலை 16ந் தேதி காலை, சமையற்கட்டில் பிடித்த தீ மாடியின் கூரைக்குத் தாவியது. மேலே கீற்று, கீழே இறங்கக் குறுகலான படிக்கட்டு. 94 குழந்தைகள் மாண்டார்கள். எல்லாம் எளிய குடும்பத்துப் பிள்ளைகள். பத்து வருஷம் கழித்து, 2014ல், தஞ்சாவூர் கோர்ட்டு 10 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பால் ஒரு குழந்தையாவது திரும்பி வந்ததா?

ஆகவே முதல் வேலை, பள்ளிக்கு நேரில் போய்ப் பார்ப்பது. ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும். படிக்கட்டு எத்தனை, அகலம் எவ்வளவு, வெளியேற இன்னொரு வழி உண்டா என்று பாருங்கள். தாய்மார்கள் கக்கூஸைத் திறந்து பாருங்கள். தாழ்ப்பாள் இருக்கிறதா? தண்ணீர் வருகிறதா? வகுப்பில் தலைகளை எண்ணுங்கள். 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி 5ஆம் வகுப்புவரை 30 பிள்ளைகளுக்கும், 6 முதல் 8 வரை 35 பிள்ளைகளுக்கும் ஒரு உபாத்தியாயர் இருக்க வேண்டும். “சென்ற வருஷம் இருந்த உபாத்தியாயினிகளில் எத்தனை பேர் இந்த வருஷமும் இருக்கிறார்கள்?” என்றும் கேளுங்கள். அரைச் சம்பளம் கொடுத்து ஆளை விரட்டும் பள்ளியில் பாடம் எப்படி நிலைக்கும்? அந்த உபாத்தியாயினியும் நம்மைப்போல உழைத்துப் பிழைப்பவள்தான்.

இரண்டாவது, பணக்கணக்கு. பள்ளிக்காரர் பணம் கேட்பது ஜூனில். மேட்டூர் அணையை ஜூன் 12ல் திறப்பது வழக்கம். திறந்தாலும் தண்ணீர் கடைமடையான நம் காரைக்காலுக்கு வந்துசேர நாளாகும். நடவு வேலையும் அதன் பிறகுதான். கையில் நாலு காசு தங்குவது தை அறுவடையில். ஆலைத் தொழிலாளி போனஸைப் பார்ப்பது தீபாவளிக்கு. ஆகவே ஜூனில் கட்டும் பணம் பெரும்பாலும் கடன் பணம். 100க்கு மாதம் 3 வட்டியில் 10,000 வாங்கினால், தை முடிய எட்டு மாதத்தில் வட்டி மட்டும் 2,400 ரூபாய்! இதோடு சீருடை, புத்தகம், வண்டிக் கட்டணம் வேறு. ஒரு வருஷக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது போதாது. 6ஆம் வகுப்பில் சேர்த்தால் 12 முடிய ஏழு வருஷம். ஏழையும் கூட்டிப் பாருங்கள்.

கூட்டிப் பார்க்காவிட்டால் என்ன ஆகும்? நாலாவது வருஷம் மழை பொய்க்கிறது, அல்லது ஆலை கதவடைக்கிறது. பணம் கட்ட வழியில்லை. அப்போது வீட்டில் யாருடைய படிப்பு நிற்கிறது? பையனுடையதா? இல்லை, பெண்ணுடையது! “அவள் தம்பியைப் பார்த்துக்கொள்ளட்டும்” என்கிறோம். அடுத்த வருஷம் மாப்பிள்ளை தேடுகிறோம். நல்ல பள்ளி என்று கடன்பட்டுச் சேர்த்த பெண், எந்தப் பள்ளியும் இல்லாமல் வீட்டோடு நிற்கிறாள். மேலே சொன்ன சட்டமும் 14 வயதோடு, 8ஆம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல்தான் ஆபத்தான காலம்.

மூன்றாவது, சட்டத்தில் நமக்கு உள்ளதைத் தெரிந்துகொள்ளுங்கள். 8ஆம் வகுப்புவரை சேர்க்கைக்கு நன்கொடை கேட்கக்கூடாது. கேட்டு வாங்கினால் அதைப்போல பத்து மடங்குவரை அபராதம். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ பரீட்சை வைத்துப் பொறுக்கக்கூடாது. தனியார் பள்ளி 1ஆம் வகுப்பில் 25 சதவீத இடத்தை அக்கம்பக்கத்து ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். சிறுபான்மையோர் நடத்தும் பள்ளிகளுக்கு இது பொருந்தாது என்று 2014ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. ஆகவே எந்தப் பள்ளி எந்த வகை என்று கல்வி இலாகாவில் கேளுங்கள். பாக்கிக்காகத் தனியார் பள்ளி டி.சி.யைப் பிடித்துவைத்தாலும், 8ஆம் வகுப்புவரை சர்க்கார் பள்ளி அதைக் காரணம் காட்டிப் பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது.

கடைசியாக ஒன்று. சர்க்கார் பள்ளியை இளப்பமாக எண்ணாதீர்கள். புதுச்சேரி மாநிலத்தில் சர்க்கார் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 10 சதவீத உள் ஒதுக்கீடு 2023ல் வந்தது. தனியார் பள்ளிக்கு மாற்றுவதற்கு முன் அதன் விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊரிலேயே அவ்வையார் சர்க்கார் பெண்கள் கல்லூரி இருக்கிறது. சர்க்கார் பள்ளியில் கக்கூஸ் சரியில்லையா? கணக்குக்கு உபாத்தியாயர் இல்லையா? பத்துத் தாய்மார்கள் சேர்ந்து மனு எழுதிக் கல்வி அதிகாரியின் மேஜையில் வையுங்கள். பதில் வரும்வரை திரும்பத் திரும்பப் போங்கள். அது நம் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளி. தனியார் பள்ளியில் நாம் பணம் கட்டுகிறவர்கள். இங்கே நாம் உரிமையுள்ளவர்கள்.

இந்த ஊருக்குப் பெயர் தேடித்தந்தவளே பாட்டு இயற்றிய ஒரு பெண்தான். அந்த ஊரில், கட்டணம் கட்ட முடியாததால் ஒரு பெண் படிப்பை விட்டாள் என்ற பேச்சு இருக்கலாமா?

தனியாரோ சர்க்காரோ, 12ஆம் வகுப்பு முடியும்வரை பாதியில் நிறுத்தாமல் எந்தப் பள்ளியில் உங்கள் பெண்ணைப் படிக்கவைக்க முடியுமோ, அதுவே உங்கள் பெண்ணுக்கு நல்ல பள்ளி. கணக்குப் போடுங்கள், நேரில் பாருங்கள், அவளையும் ஒரு வார்த்தை கேளுங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்!